ஒரே மூச்சில் போவதா, தங்கித் தங்கிப் போவதா? பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் வழிகள்

இவர் ஓய்வு பெற்ற முதல் வருடம் நாங்கள் செய்த பயணங்களை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. கையில் அத்தனை நாள் இருந்தும், லீவு முடிவதற்குள் திரும்ப வேண்டியவர்கள் மாதிரியே ஓடினோம். மகள் வீடு 640 கிலோமீட்டர். காலை எட்டுக்குக் கிளம்பினோம். ஒன்பது மணி நேரம் என்று போட்ட கணக்கு, வழியில் ஒரு விபத்தால் சாலை அடைபட்டு நாலரை மணி நேரம் நீண்டது. இரவு ஒன்பதரைக்கு வாசலில் போய் நின்றோம். எங்களுக்காகப் பேத்தியைத் தூங்கவிடாமல் வைத்திருந்தார்கள். பார்த்ததும் அழ ஆரம்பித்தாள். நாற்காலியில் சாய்ந்த தாத்தா, மகள் தண்ணீர் கொண்டுவருவதற்குள் ஷூவோடு தூங்கிவிட்டார். மறுநாள் முழுக்க எனக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது. அந்த இரண்டு நாளும் நாங்கள் பேத்தியைப் பார்த்துக்கொண்டோமா, மகள் எங்களைப் பார்த்துக்கொண்டாளா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

எங்களுக்கு மூன்று பிள்ளைகள், மூன்று பேரும் மூன்று திசையில். அதற்கப்புறம் எல்லா முறையையும் ஒருமுறையாவது செய்து பார்த்தாயிற்று. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்படிப் போய்ச் சேருகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அங்கே எப்படி இருக்கிறோம் என்பதும் அமைகிறது. எந்த வழியாக இருந்தாலும் அதை வைத்துத்தான் எடைபோட்டிருக்கிறேன்.

ஒரே நாளா, இரண்டு நாளா?

ஒரே நாளில் போவதற்கும் நியாயம் உண்டு. அறை வாடகை கிடையாது. பெட்டியை நடுவில் திறந்து மூட வேண்டாம். தெரியாத இடத்துக் கட்டில் எப்படி இருக்குமோ என்ற கவலை இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லை, உடனே வா என்றால் அதற்கு இந்த ஆராய்ச்சியே வேண்டாம், கிளம்ப வேண்டியதுதான்.

ஆனால் சாதாரணமாகப் பார்க்கப் போகும்போது அந்த அவசரத்தில் கிடைப்பது என்ன? 640 கிலோமீட்டரை மணிக்கு 90இல் ஓட்டாமல் 110இல் ஓட்டினால், தாளில் மிச்சமாவது 78 நிமிடம். அதுவும் வழி முழுக்க ஒரே வேகத்தில் போக முடிந்தால்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால், 90இலிருந்து 110க்குப் போகும்போது அது ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். அதைத் தள்ளிக்கொண்டு போகும் செலவு பெட்ரோலில் தெரியும். அந்த 78 நிமிடத்தை மகள் வீட்டு நாற்காலியில் தூங்கித்தான் கழித்தோம் என்பது வேறு விஷயம்.

உடம்பு விஷயம் இன்னும் கறாரானது. நீண்ட பயணங்களில் காலில் ரத்தம் உறைவது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2007இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் அந்த ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று அதில் இருந்தது. விமானம், ரயில், பேருந்து, கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பயப்படும்படி பெரிய எண் அல்ல, சுமார் 6,000 பேரில் ஒருவர் என்ற அளவுதான். ஆனாலும் வயதாக ஆக அந்த ஒருவராக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரி, பேருந்து ஓட்டுபவர்கள் நாலரை மணி நேரம் ஓட்டியதும் 45 நிமிடம் ஓய்வு எடுத்தே ஆகவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஓட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கே அப்படி. நாங்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பத்து நிமிடம் நடந்து, ஓட்டுபவரை மாற்றிக்கொள்கிறோம். "இன்னும் கொஞ்ச தூரம்தானே, நானே ஓட்டிவிடுகிறேன்" என்று இவர் சொல்லாத பயணம் இல்லை. அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் நான் காது கேளாதவள்.

இரவில் ஓட்டுவதை முழுக்கவே விட்டுவிட்டோம். 60 வயதுக் கண்ணில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதில் போனதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். எதிர் வண்டியின் விளக்கு அடித்த பிறகு கண் தெளியவும் நேரம் அதிகம் பிடிக்கும். இவருக்கு அது கண்ணாடிக் கடையில் தெரியவில்லை. மழை பெய்த ஓர் இரவில், சாலை ஓரத்துக் கோடு எங்கே என்று என்னிடம் கேட்டபோதுதான் தெரிந்தது.

உலகத்திலேயே காரில் போன முதல் நெடுந்தூரப் பயணம் எதற்காக என்று தெரியுமா? அம்மா வீட்டுக்குப் போகத்தான். 1888 ஆகஸ்டில், ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, கணவர் கார்ல் பென்ஸிடம் முன்கூட்டிச் சொல்லாமல், இரண்டு மகன்களைக் கூட்டிக்கொண்டு அவர் செய்த வண்டியில் கிளம்பினார் பெர்த்தா பென்ஸ். 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம், பகல் முழுக்க ஆனது. வழியில் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். அடைத்துக்கொண்ட குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். தேய்ந்த பிரேக் கட்டைக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடித்து வாங்கினார். அன்றைக்கு நின்று நின்று போக வேண்டியிருந்தது வண்டிக்கு. இன்றைக்கு வண்டி நிற்காமல் ஓடும். நின்று போக வேண்டியவர்கள் நாம்தான்.

இரண்டு நாளாகப் பிரித்துப் போனதில் நான் கற்றுக்கொண்ட ஒரு நுணுக்கம் உண்டு. பாதி வழியில் தங்கக் கூடாது. முதல் நாள் கொஞ்சம் அதிகம் ஓட்டிவிட்டு, பிள்ளை வீட்டுக்கு இரண்டு மணி நேரத் தொலைவில் தங்க வேண்டும். காலையில் குளித்து, அவசரமில்லாமல் கிளம்பினால் பதினொரு மணிக்குப் போய்ச் சேரலாம். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை கண் சொக்கும் நேரம் என்பது எல்லா வயதுக்கும் பொதுவானது. இந்தக் கணக்கில் அப்போது நாம் ஸ்டியரிங் பக்கமே இருக்க மாட்டோம். அப்படிப் போன முதல் தடவை பேத்தி கேட்டைப் பிடித்து ஏறி நின்றுகொண்டிருந்தாள். அவளைத் தூக்கிக்கொள்ளும் தெம்பு எனக்கு இருந்தது. அந்த ஒன்றுக்காகவே அறை வாடகை கொடுக்கலாம்.

சொந்தக் கார், கேரவன், ரயில்

கேரவன் ஆசை இவருடையது. படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் வைத்த வண்டி. எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம், பிள்ளைகளுக்குத் தொந்தரவே இல்லை, வாசலில் நிறுத்தி அதிலேயே தூங்கிவிடலாம் என்று ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தோம். உள்ளதைச் சொன்னால், பேரப்பிள்ளைகளுக்கு அதுபோல ஒரு வாரம் வாழ்க்கையில் வாய்த்திருக்காது. அதற்குள்ளேயே விளையாடி, அதற்குள்ளேயே சண்டை போட்டு, வீட்டுக்குள் போக மாட்டேன் என்று அடம்பிடித்தார்கள்.

எங்களுக்கோ அது வேறொரு வீட்டைக் கூடவே இழுத்துக்கொண்டு போவது மாதிரி இருந்தது. தண்ணீர் நிரப்ப வேண்டும், அழுக்குத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும், கழிப்பறைத் தொட்டியை அதற்கென்று உள்ள இடத்தில் போய்க் கவிழ்க்க வேண்டும். ஓய்வு பெற்ற மனிதர் அந்தத் தொட்டியை உருட்டிக்கொண்டு வரிசையில் நிற்பதைப் படம் எடுத்து மூன்று பிள்ளைகளுக்கும் அனுப்பினேன். வண்டி மூன்று மீட்டர் உயரம் இருந்ததால் தாழ்வான பாலம், மூடிய வாகன நிறுத்துமிடம் எதைப் பார்த்தாலும் வயிற்றைக் கலக்கும். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. ஐரோப்பாவில் சாதாரணக் கார் உரிமத்தில் ஓட்டக்கூடிய எடை பொதுவாக மூன்றரை டன் வரைதான், அந்த வரம்புக்கு உட்பட்ட வண்டியில் தண்ணீரும் சாமான்களும் சேரும்போது எடை எவ்வளவு சீக்கிரம் எகிறும் என்று பாருங்கள். ஓட்டுநருக்கு மேலே படுக்கை இருக்கும் மாதிரி என்றால் நடு இரவில் ஏணி இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இதை வாடகைக்கு எடுப்பதற்கு முன்பே யோசிப்பது நல்லது. மாதக்கணக்கில் ஊர் சுற்றுபவர்களுக்குக் கேரவன் சரி. ஒரு வாரம் பிள்ளை வீட்டுக்குப் போய் வருவதற்கு அது அதிகம்.

ரயிலில் போய், இறங்கும் இடத்தில் வாடகைக் கார் எடுப்பது நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. இரண்டு பேரும் ஒரே ஜன்னலை ஒரே நேரத்தில் பார்க்க முடிந்தது அதில்தான். காரில் ஒருவர் எப்போதும் சாலையைத்தானே பார்க்கிறார்? எழுந்து நடக்கலாம், கழிப்பறை பக்கத்திலேயே. சங்கடம் பெட்டிகளில்தான். மேலே தூக்கி வைக்க யாரையாவது கேட்க வேண்டியிருக்கிறது. பல நாடுகளில் வாடகை நிறுவனங்கள் குறைந்தபட்ச வயதை மட்டுமல்ல, சில இடங்களில் அதிகபட்ச வயதையும் பார்க்கின்றன. முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும். முக்கியமாக, வழியில் ஒரு குளமோ கோட்டையோ தெரிந்தால் ரயிலை நிறுத்தச் சொல்ல முடியாது.

அதனால் பெரும்பாலும் சொந்தக் காரில்தான் போகிறோம். அது எங்கள் அலமாரி, மருந்துப் பெட்டி, குடை, கூடுதல் தலையணை எல்லாம். மருந்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதைப் பெட்டியோடு டிக்கியில் வைக்காதீர்கள், கைப்பையில் வைத்துக் கூடவே எடுத்துப் போங்கள். நிறுத்தி வைத்த காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது என்றும், அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது என்றும் 2005இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. வெளியே அவ்வளவு சூடில்லாத வெயில் நாட்களிலும் நிறைய ஏறியதாம். இவர் இன்சுலின் போடுபவர். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், வெயிலில் நின்ற காரில் விட்டது எதற்கும் ஆகாது. ஒருமுறை அப்படி விட்டுவிட்டு, தெரியாத ஊரில் மருந்துக் கடை தேடி ஒரு மாலையையே தொலைத்தோம்.

மின்சாரக் கார் வைத்திருக்கும் மருமகன், சார்ஜ் ஏற்றும் இடத்தில் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறதே என்று குறைப்படுவார். எங்கள் வயதுக்கு அது குறையே இல்லை.

அவர்கள் வீட்டிலா, பக்கத்தில் அறையா?

இங்கேதான் எங்களுக்குள் பெரிய சண்டை. பெற்ற பிள்ளை வீடு இருக்க, காசு கொடுத்து அறை எடுப்பதா என்பது இவர் கட்சி. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது என் கட்சி.

வீட்டில் தங்கினால் கிடைப்பவை திட்டம் போட்டால் கிடைக்காதவை. பேரன் காலையில் தூக்கக் கலக்கத்தோடு வந்து மடியில் சாய்வது, இரவு எல்லோரும் படுத்த பிறகு மகன் தனியாக வந்து உட்கார்ந்து வேலையில் உள்ள பிரச்சினையைச் சொல்வது. அறை எடுத்திருந்தால் அந்த நேரத்தில் நாங்கள் கிளம்பிப் போயிருப்போம். இதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நாலாவது நாள் காலையைப் பாருங்கள். இரண்டு பேர் வேலைக்கு, இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கு, ஒரே குளியலறை. ஏழரை மணிக்குக் கதவுக்கு வெளியே மருமகள் துண்டோடு நிற்கிறாள், உள்ளே இவர் நிதானமாக முகச்சவரம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் நின்றதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எங்கள் நாள் மெதுவாக நகர்கிறது, அவர்கள் நாள் நிமிடக் கணக்கில் ஓடுகிறது. இதில் யார் மேலும் தப்பில்லை.

இப்போது ஒரு சமரசம். மூன்று இரவு வரை வீட்டில், அதற்கு மேல் என்றால் நடக்கும் தூரத்தில் ஓர் அறை. அப்புறம், கிழமையைக் கணக்குப் போடுவது. ஓய்வு பெற்றவர்களுக்குச் செவ்வாயும் ஞாயிறும் ஒன்று, பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. நெரிசல் இல்லாத வார நாட்களில் ஊர் பார்த்துக்கொண்டே போய், வெள்ளி மாலை அவர்களிடம் சேர்ந்தால், சனி ஞாயிறு முழுக்க அவர்களுடையது. திங்கள் காலை அவர்கள் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, வீட்டைப் பூட்டிவிட்டு நிதானமாகக் கிளம்பலாம். பதினொரு மணிக்குச் சேரும் கணக்கு லீவு நாட்களுக்கு. மற்ற சமயங்களில் கடைசி இரண்டு மணி நேரத்தை நாலு மணிக்குமேல் வைத்துக்கொள்கிறோம், வெளிச்சம் இருக்கும் காலமாகப் பார்த்து.

மூன்று வீட்டையும் ஒரே சுற்றிலா?

ஒரே ஒருமுறை செய்தோம். கிலோமீட்டர் கணக்கில் லாபம், மற்ற எல்லாவற்றிலும் நஷ்டம். மூன்றாவது வீட்டுக்குப் போனபோது நாங்கள் இரண்டாவது வீட்டின் சளியையும் கொண்டுபோனோம். தவிர, பெரியவன் வீட்டில் ஆறு நாள், மகள் வீட்டில் ஐந்து, சின்னவன் வீட்டில் மூன்று என்று ஆனதை இன்றுவரை சின்னவன் எண்ணிச் சொல்கிறான். தனித்தனியாகப் போனால் யாரும் யாரோடும் ஒப்பிட முடியாது. எங்களுக்கும் வருடத்தில் மூன்று பயணம் கிடைக்கிறது.

அடுத்த மாதம் அவன் வீட்டுக்குத்தான். முதல் இரவுக்கு அறை போட்டாயிற்று, அது மட்டும் எப்போதும் முன்பதிவு செய்வோம். இரண்டாவது இரவை ஓர் ஏரிக்கரையில் கழிக்கலாம் என்று இவர் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டுகிறார். 70 கிலோமீட்டர் சுற்று. நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.