உத்திரத்தின் முனை: மெட்ராஸ் டெரஸும் மரக்கூரையும்

ராயபுரத்தில் எங்கள் பூர்வீக வீட்டின் முன்கட்டு மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்திரங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் இட்ட தட்டைக்கூரை. பின்கட்டு, முற்றத்தைச் சுற்றி மரத்தூண்களும் ஓட்டுக்கூரையும் கொண்டது. இடையில் சிதைந்திருந்த கூடத்தை இவ்விரண்டில் எந்த முறையில் எடுத்துக் கட்டுவது என்பதைச் சென்ற ஆண்டு முடிவு செய்ய வேண்டியிருந்தது. 2002ஆம் ஆண்டின் இந்தியத் தரநிலை சென்னையை இரண்டாம் நில அதிர்வு மண்டலத்திலிருந்து அபாயம் கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியதால் அதிர்வையும் கணக்கில் கொண்டு, மரத்தையே தேர்ந்தேன்.

மெட்ராஸ் டெரஸ் குளிர்ச்சியானது, மொட்டை மாடியும் கிடைக்கும் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால், தேக்கு உத்திரங்களின்மேல் நிறுத்தி அடுக்கிய செங்கல், செங்கல் ஜல்லியிட்ட சுண்ணாம்பு, தட்டை ஓடு என்று அதன் எடை ஏறிக்கொண்டே போகிறது. எடை கூடக் கூட, நிலம் அசையும்போது சுவரைப் பக்கவாட்டில் தள்ளும் விசையும் கூடும். 1993இல் மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் நேர்ந்த நிலநடுக்கத்தில், மண் சாந்தில் எழுப்பிய தடித்த கல்சுவர்களும் அவற்றின்மேல் கனத்த மண்கூரையும் சேர்ந்து சரிந்தே பல்லாயிரம் பேர் மாண்டனர்.

மரம் வளைந்து கொடுக்கும் என்பதால் மட்டும் வீடு நின்றுவிடாது; சுவரை அது கட்டிப் பிடித்திருக்க வேண்டும். காஷ்மீரின் 'தாக்' வீடுகளில் சுவரின் இரு முகங்களிலும் கிடைமட்டமாக மரங்களை ஓட்டி, குறுக்கு மரங்களால் பிணைத்துவிடுவதால், விரிசல் ஓர் இடத்தில் தொடங்கினாலும் சுவர் முழுவதும் பரவாமல் அடங்குகிறது.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு, அதிலும் குறிப்பாக உத்திரத்தின் முனை. முன்கட்டில் அது சுவருக்குள் சாந்தால் மூடப்பட்டிருப்பதால், மழைநீர் கசிந்து உளுத்துப் போனதும் கரையான் அரித்ததும், பூச்சை உடைத்துப் பார்க்கும்வரை எங்களுக்குத் தெரியவில்லை. பிடிப்பை இழந்த முனை அதிர்வில் சுவரைவிட்டு நழுவினால் கூரை முழுவதும் இறங்கிவிடும். பின்கட்டிலோ தூணும் உத்திரமும் சேரும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் ஆசாரி தட்டிப் பார்த்தே நிலையைச் சொல்லிவிடுவார். புதிய கூடத்தில் முனைகளைச் சுற்றிக் காற்று புக இடைவெளி விட்டு, இரும்புப் பட்டையால் சுவரோடு பிணைத்துள்ளோம்.

குறையும் உண்டு: இலேசான கூரையைக் காற்று தூக்கும். 2016 வர்தா புயலில் பின்கட்டின் ஓடுகள் பல பறந்தன. நில அதிர்வைப் பொறுத்தவரை, 2001 செப்டம்பர் 25 அன்று பாண்டிச்சேரிக் கடலில் எழுந்த நடுக்கத்தில் இரண்டு கட்டுகளும் பாத்திரங்கள் ஆடியதோடு தப்பின. அதை வைத்து இரண்டில் ஒன்றைப் பெரும் அதிர்வைத் தாங்கியதாகச் சொல்ல இயலாது.