குவாதலூப் சந்தைகளில் ஒன்பது ஆண்டுகள்: எதை எங்கே வாங்குவது?

புவாந்த்-ஆ-பீத்ரில் குடியேறி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கரீபியன் கடலில் பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட குவாதலூப் தீவின் வணிக நகரம் இது. காலாற நடந்தே சுற்றிவிடலாம். அத்தனை சிறிய ஊரில் நான் மாறி மாறிப் போகும் சந்தைகள் நான்கு. வந்த புதிதில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்கிவிடப் பார்த்தேன். பணமும் வீண், சமையலும் வீண்.

மீன் என்றால் தார்ஸ் சந்தைதான். விக்துவார் சதுக்கத்தின் ஓரம், கடல் ஊருக்குள் புகுந்து நிற்கும் பழைய படகுத்துறை அது. பிடித்தவர்களே கரையில் நின்று விற்கிறார்கள். காரைக்காலில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்த ஊரில் முதலில் ஒட்டிய இடம் இதுதான். நம் சங்கராவின் உறவான சிவப்பு மீன், வஞ்சிரத்தின் இனம், சூரை எல்லாம் வரும். ஆண்டின் முதல் மாதங்களில் பச்சையும் பொன்னுமாக மின்னும் டோராட் வரும். அதன் துண்டுகளில் எலுமிச்சை பிழிந்து, பூண்டும் மிளகாயும் தட்டிப் போட்டு ஊறவைப்பது இந்த ஊர் வழக்கம். நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன். லாம்பி என்ற சங்குச் சதைக்கு இங்கே பெரும் மதிப்பு. ஆனால் அதைப் பிடிக்க ஆண்டில் பல மாதங்கள் தடை உண்டு. தடைக்காலத்தில் யாராவது புதிது என்று நீட்டினால் வாங்காதீர்கள். மீனவர்கள் கரை திரும்பியதைச் சங்கு ஊதி அறிவிப்பது இந்தத் தீவுகளின் பழைய வழக்கம். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் நல்ல மீன் எனக்குக் கிடைத்ததாக நினைவில்லை.

கிழங்குக்கும் காய்க்கும் பேருந்து நிலையத்தை அடுத்த பெர்ஷவேன் சந்தை. சுற்றுலாப் பயணிகள் எட்டிப் பார்க்காத இடம், அழகும் கிடையாது. ஆனால் என் சமையலறையின் பாதி அங்கிருந்துதான் வருகிறது. வள்ளிக்கிழங்கு மட்டும் எத்தனை வகை! சேப்பங்கிழங்கை இங்கே மதேர் என்பார்கள். சௌசௌ, பூசணி, சீமைப்பலா, மரவள்ளி எல்லாம் கூறு கட்டியோ எடை போட்டோ விற்கிறார்கள். டிசம்பரில் பச்சைத் துவரை மலைபோல் குவியும். கிறிஸ்துமஸ் விருந்துக்காக ஊரே துவரை உரிக்கும் மாதம் அது. விலை பேசினால் முகம் சுளிப்பார்கள். வாடிக்கையாகப் போனால் கொசுறு தானாக வரும். தைம், வெங்காயத்தாள், பார்ஸ்லி சேர்த்துக் கட்டிய சூப்புக் கட்டு ஒன்று என் பையில் விழாத வாரம் குறைவு.

இந்தச் சந்தையில் விலைக்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எந்த ஊரில் விளைந்தது? வாழைத் தோட்டங்களில் கிழங்கைத் துளைக்கும் வண்டை ஒழிக்க 1972 முதல் 1993 வரை குளோர்டெகோன் என்ற நஞ்சை இங்கே பயன்படுத்தினார்கள். பிரான்சின் பெருநிலத்தில் 1990-இலேயே தடை செய்த பிறகும் தீவுகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்து நீட்டித்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அந்த நஞ்சு மண்ணைவிட்டுப் போகவில்லை. பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இரத்தத்தில் அது இருப்பதாக ஆய்வுகள் காட்டிவிட்டன. வாழைத் தோட்டங்கள் நிறைந்திருந்த பாஸ்-தேர் பகுதியின் தெற்கில்தான் பாதிப்பு அதிகம். மண்ணுக்குள் விளையும் கிழங்குகளில் அது ஏறும். மரத்தில் காய்க்கும் சீமைப்பலாவுக்கு அந்த அச்சம் இல்லை. விளைந்த இடம் தெரியாத கிழங்கை வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் உண்ணவேண்டாம், தோலைத் தடிமனாகச் சீவுங்கள் என்பது சுகாதாரத் துறையின் அறிவுரை. முதல் இரண்டு ஆண்டுகள் இது தெரியாமல் என் பிள்ளைகளுக்குச் சேப்பங்கிழங்கை வாரம் முழுவதும் கொடுத்தேன். இப்போது கேட்காமல் வாங்குவதில்லை. கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ளும் வியாபாரியை நான் இதுவரை பார்க்கவில்லை. அவர்களும் அதே கிழங்கைத்தான் வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள்.

எல்லோரும் படம் எடுக்கும் இடம் சேன் அந்த்வான் சந்தை. ஊர் நடுவில், இரும்புத் தூண்கள் தாங்கும் கூரைக்கடியில் மசாலா, வனிலா, பட்டை, ரம், சென்னையின் பழைய பெயரை இன்றும் சுமக்கும் மத்ராஸ் கட்டம்போட்ட துணி. வந்த முதல் மாதம் அங்கே ஒரு கடையில் அழகான மூடி போட்ட புட்டியில் கொலோம்போ என்ற இந்த ஊர் மசாலாப் பொடி வாங்கினேன். வீட்டில் திறந்தால் வாசனையே இல்லை, எத்தனை ஆண்டுப் பொடியோ. அதனால் புட்டியில் அடைத்ததை வாங்காதீர்கள், திறந்து முகரவிடும் கடையில் வாங்குங்கள். உள்ளூர்க் குங்குமப்பூ என்று சொல்வது நம் மஞ்சள்தான். குங்குமப்பூ விலை கொடுத்துவிடாதீர்கள். சுற்றுலாக் கப்பல் வந்து நிற்கும் நாளில் நான் அந்தப் பக்கமே போவதில்லை.

ஆனாலும் கொலோம்போவுக்காக அந்தச் சந்தையை என்னால் விடமுடியாது. மல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மஞ்சள், மிளகு. சிலர் வறுத்த அரிசியும் சேர்த்து அரைக்கிறார்கள். பெயர் குழம்பிலிருந்து வந்தது என்பார் சிலர், கொழும்பிலிருந்து என்பார் வேறு சிலர். சேர்மானத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமே இல்லை. 1854 டிசம்பர் 24 அன்று முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய ஓரேலி கப்பல் இந்த ஊரில்தான் கரை சேர்ந்தது. அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகளில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள், பெரும்பாலும் நம் கரையிலிருந்து. ஒரு காலையில், தமிழ் ஒரு சொல்லும் அறியாத மூதாட்டி ஒருவர் என்னை டூடூ என்று செல்லமாக அழைத்து, கையில் ஒரு காயைத் திணித்து, "பவோகா" என்றார். பாகற்காய்! நான் அதை நம் உச்சரிப்பில் சொல்லச் சொல்ல, அவரும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். அன்று ஒரு கிலோ வாங்கினேன், வீட்டில் எனக்கு மட்டுமே பிடிக்கும் காய் அது.

தேவாலயத்தை ஒட்டிய பூச்சந்தை சிறியது. இஞ்சிப் பூவும் அந்தூரியமும் தண்டோடு கிடைக்கும். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு முன் நிற்க இடமிருக்காது. தொடுத்த பூ மட்டும் எங்கும் கிடையாது. சரஸ்வதி பூசைக்கு வீட்டு வேலியில் பூத்த செம்பருத்தியைப் பறித்து நானே நார் கொண்டு கட்டுகிறேன்.