நடுவதா, வளரவிடுவதா? பாழ்நிலத்தைக் காடாக்கும் வழிகள்

சிங்கப்பூரில் ஒரு தொண்டூழியர் குழு "காடு வளர்க்கப் போகிறோம்" என்று கிளம்பினால், எல்லார் மனத்திலும் முதலில் வருவது மண்வெட்டியும் மரக்கன்றும்தான். 2020-இல் பத்து இலட்சம் மரங்கள் நடும் இயக்கம் தொடங்கிய பிறகு அந்த ஆர்வம் இன்னும் கூடியிருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் கெட்டுப்போன நிலத்தை மறுபடி காடாக்குவதற்கு நடுவது ஒரு வழி மட்டுமே. எந்த இடத்தில் எந்த வழி என்று பார்க்காமல் கன்றுகளின் எண்ணிக்கையை மட்டும் பேசுவது எனக்குக் கவலையாக இருக்கிறது.

நம் நிலம் எப்படிக் கெட்டது என்று முதலில் பார்த்துவிடலாம். 19-ஆம் நூற்றாண்டில், தோல் பதனிட உதவும் சாறு தரும் காம்பிர் என்ற செடியைப் பயிரிட்டவர்கள் காட்டை வெட்டினார்கள். அதன் இலைகளைக் கொதிக்கவைக்கவும் காட்டு விறகையே எரித்தார்கள். பதினைந்து, இருபது ஆண்டுகளில் மண் சத்திழந்ததும் அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்கள். கென்ட் ரிட்ஜ் சரிவுகளில் அதன் தடம் இன்னும் இருக்கிறது. அமிலம் ஏறிய மண். சத்தற்ற மண்ணிலும் தாக்குப்பிடிக்கும் தியுப் தியுப், தெம்புசு மரங்கள், சிம்போ ஆயர் புதர்கள். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் பழைய காடு அங்கே திரும்பவில்லை.

சரி, முதல் வழி மியாவாக்கி முறை. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி உருவாக்கியது. சென்னை மாநகராட்சி கோட்டூர்புரத்தில் செய்து காட்டியதால் நம் உறவினர்களுக்கும் தெரிந்த பெயர். மண்ணைக் கொத்தி உரமிட்டு, ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு முதல் நான்கு கன்றுகள் வரை நெருக்கமாக நடுவார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் அடர்ந்த தோப்பு எழுந்துவிடும். பள்ளி வளாகத்துக்கோ அடுக்குமாடிக் குடியிருப்பின் ஓரத்துக்கோ இது அருமையான தேர்வு. நட்ட பிள்ளைகளே வளர்ச்சியைப் பார்ப்பார்கள். ஒரு ஹெக்டேர் என்று வந்தால் இருபதாயிரம் கன்றுகளுக்கு மேல் வேண்டும். அவ்வளவு நாட்டுமர விதைக்கு எங்கே போவது? பெரிய நிலத்துக்கு இது ஒத்துவராது.

இரண்டாவது, தேர்ந்தெடுத்த சில மரங்களை மட்டும் நடும் முறை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பிறந்து, தாய்லாந்தின் சியாங் மாய் பல்கலைக்கழகத்தில் மெருகேறியது. சீக்கிரம் நிழல் தந்து களையை அடக்கும் மரங்கள், பறவைகளை இழுக்கும் பழமரங்கள் என இருபது முப்பது வகைகளை 1.8 மீட்டர் இடைவெளியில் நடுவார்கள். ஹெக்டேருக்குச் சுமார் 3,100 கன்றுகள். மீதி மரங்களைப் பறவைகள் கொண்டுவரும். இரண்டு மழைக்காலங்கள் விடாமல் களையெடுத்து உரமிட வேண்டும் என்பதும் முறையின் பகுதி. பலரும் மறந்துவிடும் பகுதியும் அதுதான்.

மூன்றாவது வழிதான் என் மனத்துக்கு நெருக்கமானது: தானாக வரும் காட்டுக்குத் துணை நிற்பது. கிளெமெண்டி காட்டைப் பாருங்கள். 85 ஹெக்டேர், முன்பு ரப்பர் விளைந்த நிலம். யாரும் விழா வைத்து நடவில்லை. கைவிட்ட இடத்தில் அல்பீசியா போன்ற வெளியூர் மரங்களும் உள்ளூர் மரங்களுமாகக் கலந்து வளர்ந்துவிட்டது. விதை வந்து சேரும் இடமாக இருந்தால், நம் வேலை தடையை நீக்குவதுதான்.

அப்படிப்பட்ட இடமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சியாங் மாய் குழு சொல்லும் கணக்கு எளிது. ஒரு குச்சியை ஊன்றி, ஐந்து மீட்டர் கயிற்றைக் கட்டி வட்டமாகச் சுற்றி வாருங்கள். அந்த வட்டத்துக்குள் தானாக முளைத்து அரை மீட்டருக்கு மேல் வளர்ந்த கன்றுகள், துளிர்க்கும் அடிக்கட்டைகள், மரங்கள் எல்லாவற்றையும் எண்ணுங்கள். பல இடங்களில் இப்படி எண்ணி, வட்டத்துக்குச் சராசரியாக 25 தேறினால், அதோடு மொத்தத்தில் முப்பது வகைக்கு மேல் இருந்தால், நடவே தேவையில்லை, காத்தால் போதும். குறைந்தால், குறையும் அளவுக்கு நட்டால் சரி. வயதானவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது.

காப்பது என்றால் பெரும்பாலும் கொடிகளோடு போராடுவது. இங்குள்ள காட்டோரங்களில் சான்சிபார் யாம் என்ற கொடி மரத்தின் உச்சிவரை ஏறிப் போர்த்திவிடுகிறது. நம் வள்ளிக்கிழங்கின் உறவுதான், இது ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அகன்ற இலை, வால்போல் நீண்ட நுனி. கொடியை அறுத்துப் போட்டுவிட்டு வந்தால் பாதி வேலைதான் முடிந்தது. இலைக்கணுக்களில் சின்னச் சின்னக் காய்க்கிழங்குகள் தொங்கும். கீழே விழுந்த ஒவ்வொன்றும் புதுக்கொடியாகும். அவற்றைப் பொறுக்கிப் பையில் போட வேண்டும், மண்ணுக்குள் ஆழமாக இருக்கும் கிழங்கையும் தோண்ட வேண்டும். அப்புறம் மறுபடி அதே இடத்துக்கு வர வேண்டும். சீமைக்கருவேலத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்தப் பிடிவாதம் புரியும்.

இந்த வழிக்கும் ஒரு குறை உண்டு. மெரந்தி, செராயா போன்ற பெருமரங்களின் கனத்த விதைகள் தாய்மரத்தை விட்டு அதிக தூரம் போகாது. பெரிய பழங்களை விழுங்கிக் கொண்டுபோகும் இருவாச்சியும் நெடுங்காலம் இங்கே இல்லாமல் போய், 1994-இல்தான் புலாவ் உபின் தீவில் மறுபடி தென்பட்டது. ஆகவே பழைய காடு எஞ்சியிருக்கும் புக்கிட் தீமாவிலிருந்து தள்ளியிருக்கும் நிலத்தில் இந்த மரங்களை நாம்தான் கொண்டுபோய் நட வேண்டும். நடும் உற்சாகத்தை அங்கே காட்டலாம்.

கடலோரத்தில் இந்த வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரியும். தமிழ்நாட்டின் பிச்சாவரம் அலையாத்திக் காட்டை ஆங்கிலேயர் காலம் முதல் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் மொத்தமாக வெட்டியதில் மண் தாழ்ந்து, கடல்நீர் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறிப்போனது. அங்கே வெறுமனே கன்று நட்டிருந்தால் செத்திருக்கும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, அலை ஏறி இறங்க வழி செய்த பிறகே அலையாத்தி பிழைத்தது. மீனும் இறாலும் நண்டும் பிடித்து வாழும் குடும்பங்களுக்கு அது பயன் தரும் காடு. அதனால்தான் காவலும் காத்தார்கள். புலாவ் உபினிலும் கைவிட்ட பண்ணைக் குளங்களை மீட்க தீவுவாசிகள், ஆய்வாளர்கள், தொண்டூழியர்கள் கூடி, நீரோட்டத்தைச் சரிசெய்தால் விதை தானே வரும் என்ற வழியில்தான் போகிறார்கள்.

பழத்தோப்பு போடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. கம்போங் என்ற பழைய சிற்றூர்கள் இருந்த காலத்து டுரியானும் ரம்புத்தானும் காட்டுக்குள் இன்றும் நிற்கின்றன. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்புகளின் சமூகத் தோட்டங்களில் முருங்கை, கறிவேப்பிலையோடு நான்கு பழமரம் வைப்பது எனக்கும் பிடிக்கும். இயற்கை வனப்பகுதியை ஒட்டி மட்டும் வேண்டாம். குரங்குகள் வீடுகளை நோக்கி வந்துவிடும், பழி அவற்றின் மேல் விழும்.

ஆக, சின்ன இடத்துக்கு மியாவாக்கி. தானாக முளைப்பவை போதாத வெட்டவெளிக்கு இரண்டாவது முறை. காட்டை ஒட்டிய நிலத்துக்குத் துணை நிற்பது. கடலோரத்தில் முதலில் நீர்வழி. தேசியப் பூங்காக் கழகத்தோடு உங்கள் குழு பேசும்போது, மரம் நடும் நாளைக் கேட்பதற்கு முன் களையெடுப்பு நாள் எப்போது என்று கேளுங்கள். ஒரே இடத்தைத் தரச் சொல்லுங்கள். அங்கேயே இரண்டு ஆண்டுகளாவது தொடர்ந்து வருவதாக வாக்குக் கொடுங்கள்.