கென்ட்மியர் விசி செலக்ட்: 100 தாள் பெட்டியோடு ஓர் ஆண்டு

அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கும் நெகட்டிவ் ஒன்று என்னிடம் இருக்கிறது. மடியில் வெள்ளைத் துணி, தலைக்குப் பின்னால் இருட்டுச் சுவர். இருட்டறையில் கறுப்பு வெள்ளைப் படம் போட எந்தப் பேப்பர் வாங்கினாலும், கென்ட்மியர் விசி செலக்ட் ஆனாலும், முதலில் இதைத்தான் பிரிண்ட் போடுவேன். துணியின் நெசவு தெரிய வேண்டும், கூந்தல் சுவரிலிருந்து பிரிந்து நிற்க வேண்டும். இரண்டும் கிடைத்தால் அந்தப் பேப்பர் எனக்குப் போதும்.

ஆரம்பத்தில் விலை குறைவு என்று தேதி கடந்த பெட்டி ஒன்றை வாங்கினேன். மூன்று இரவு என்ன செய்தும் துணி சாம்பல் நிறமாகவே வந்தது. டெவலப்பரை (தாளில் படத்தை வெளிக்கொணரும் ரசாயனம்) மாற்றினேன், எக்ஸ்போஷர் நேரத்தை (தாளில் ஒளி விழும் நேரம்) மாற்றினேன். கடைசியில், முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன். இருட்டறையின் மங்கல் விளக்கான சேஃப்லைட்டையும் அணைத்துவிட்டு, ஒளி படாத ஒரு தாளை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை நேராக ஃபிக்ஸரில் (படத்தை நிலைநிறுத்தும் ரசாயனம்) போட்டேன்; இன்னொன்றை டெவலப்பரில் போட்டு எடுத்து அப்புறம் ஃபிக்ஸரில் போட்டேன். விளக்கைப் போட்டதும் தெரிந்துவிட்டது: முதல் பாதி வெள்ளை, இரண்டாவது சாம்பல். பழையதாகி, ஒளி படாமலே சாம்பலாகும்படி பேப்பரே மூட்டம் பிடித்திருந்தது. பழைய பெட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இந்தச் சோதனை செய்யாமல் ஒரு படமும் போடாதீர்கள்.

அப்புறம்தான் கென்ட்மியருக்கு வந்தேன். இல்ஃபோர்டு பேப்பர் செய்யும் ஹார்மன் நிறுவனம் 2007-இல் கென்ட்மியரை வாங்கியது. அதனால் கையிலிருந்த இல்ஃபோர்டு மல்டிகிரேடு வடிகட்டிகளையே பயன்படுத்தினேன் (படத்தின் கான்ட்ராஸ்ட்டை, அதாவது கறுப்பு வெள்ளை வேறுபாட்டை, மாற்றும் நிற வடிகட்டிகள்; எண் கூடினால் வேறுபாடும் கூடும்). இது பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்.சி. பேப்பர். டெவலப்பரில் 1 நிமிடம், ரேப்பிட் ஃபிக்ஸரில் அரை நிமிடம், ஓடும் நீரில் 2 நிமிடம், அவ்வளவுதான். பிளாஸ்டிக் பூச்சில்லாத ஃபைபர் பேப்பரின் அழகு தனி, மறுக்க மாட்டேன். ஆனால் அதை ஒரு மணி நேரம் வரை அலச வேண்டும், காய்ந்தால் சுருளும். பழகும் காலத்தில் ஒரே மாலையில் எட்டு முறை தப்பு செய்து திருத்த ஆர்.சி.தான் இடம் கொடுக்கிறது.

இரண்டரை எண் வடிகட்டியில் துணியின் நெசவு வந்தது. 3-க்குப் போனதும் கூந்தல் பிரிந்தது. இல்ஃபோர்டு மல்டிகிரேடு ஆர்.சி. டீலக்ஸில் போட்ட பிரதியைப் பக்கத்தில் வைத்தால், அந்த இல்ஃபோர்டு பிரதியின் கறுப்பு ஒரு பிடி ஆழமாக என் கண்ணுக்குத் தெரிகிறது. தனியாகச் சுவரில் மாட்டினால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

செக் நாட்டு ஃபோமாஸ்பீட் வேரியன்ட் 311-ம் இதேபோல் பட்ஜெட்டுக்குள் வரும் நல்ல பேப்பர்தான். ஆனால் ஒரு பேப்பரிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால், வடிகட்டி எண் ஒன்றாக இருந்தாலும் கான்ட்ராஸ்ட் ஒன்றாக வராது. மறுபடி டெஸ்ட் ஸ்ட்ரிப்பிலிருந்து (எக்ஸ்போஷர் நேரம் பார்க்கும் சோதனைத் துண்டு) தொடங்க வேண்டும், அதற்கும் தாள் செலவாகும். அதனால்தான் 25 தாள் பெட்டிகளாக நாலு வகை வாங்குவதைவிட ஒரே வகையில் 100 வாங்கச் சொல்கிறேன். பெரிய பெட்டியில் தாளுக்கு விலையும் குறையும், கையும் பழகும்.

அளவு 8×10 அங்குலம். நாலாக வெட்டினால் 4×5 சிறு பிரதிகள், நீளவாக்கில் வெட்டினால் டெஸ்ட் ஸ்ட்ரிப்புகள். ஒரே குறை, சுருளின் எல்லாப் படங்களையும் நெகட்டிவ் அளவிலேயே ஒரு தாளில் போடும் காண்டாக்ட் ஷீட்டில்தான்: 35 மில்லிமீட்டர் அகலமுள்ள 36 படச் சுருளை ஆறு துண்டாக அடுக்கினால் 210 மில்லிமீட்டர் வேண்டும், தாளின் அகலமோ 203. நான் ஐந்து துண்டை ஒரு தாளிலும், மிச்சத்தை வெட்டிய துண்டிலும் போடுகிறேன்.

பெட்டியில் இன்னும் 11 தாள் இருக்கிறது. அடுத்ததும் இதே பேப்பர்தான், இந்த முறை பளபளப்பு குறைந்த லஸ்டர். ஊசி கோக்கும் அந்தப் படத்தை அம்மா தன் அறையில் மாட்டக் கேட்டிருக்கிறாள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் அது, கிளாஸி அங்கே பளபளத்து முகத்தை மறைத்துவிடும்.