டாமியா 1/48 பி-51டி மஸ்டாங்: கட்டும்போதும், அலமாரியில் வருடங்கள் கழித்தும்

இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்கப் போர் விமானம் பி-51டி மஸ்டாங். அதை நிஜ அளவில் 48இல் ஒரு பங்காகச் செய்ய டாமியா 1995இல் கொண்டுவந்த கிட்டை (பாகங்களாக வரும் பிளாஸ்டிக் மாடலை) இன்றும் வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் இறக்கைக்குப் பட்டி பார்க்கும் பொறுமை இருக்க வேண்டும். டாமியாவின் 61040 எண் கிட்டில் பாகங்கள் பொருந்தும் விதத்தைப் பற்றிக் குறை சொல்ல ஏதுமில்லை. நேரம் முழுவதும் விமானத்தின் தோலுக்குத்தான் போகும்: இறக்கையின் வழவழப்புக்கும், உடலின் உலோகப் பளபளப்புக்கும். இந்த இரண்டும் ஒரே வெள்ளி நிறம் அல்ல என்பது புரிந்துவிட்டால் பாதி மாடல் முடிந்த மாதிரி.

கட்டி முடித்தால் நீளம் சுமார் 205 மி.மீ., இறக்கை அகலம் 235 மி.மீ. புத்தக அலமாரியில் தாராளமாக உட்காரும். ஏர்பிக்ஸ் 2017இலும் எட்வர்ட் 2019இலும் இதே அளவில் புதிய பி-51டி கிட்களைக் கொண்டுவந்தன. எட்வர்ட் கிட்டில் உடலின் ரிவெட் வரிசை வரை இருக்கிறது, பாகங்களும் அதிகம். ரிவெட் வேண்டும் என்பவர்களுக்கு அதுவே சரி. முதல் முறையாக உலோகப் பூச்சு பழகுபவர்களுக்கு டாமியாதான் நல்லது. ஒட்டும் வேலை சீக்கிரம் முடிந்துவிடும், மீதி கவனத்தைப் பூச்சுக்கு ஒதுக்கலாம்.

காக்பிட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உட்புறம் இன்டீரியர் பச்சை, கருவிப் பலகை கறுப்பு. தரை மட்டும் பச்சை இல்லை. பி-51டியில் அது தட்டையான ஒட்டுப்பலகை, மேலே வழுக்காத கறுப்புப் பூச்சு. பைலட்டின் குதிகால் படும் இடத்தில் மரநிறம் லேசாகத் தெரியும்படி ஸ்பாஞ்சால் ஒற்றினால் போதும். இருக்கை வார்களுக்கு மாஸ்கிங் டேப்பை 1 மி.மீ. அகலத்தில் சீவிக்கொள்ளலாம், உலோக வார் தனியாக வாங்கும் அவசியமில்லை. காக்பிட்டையும் ரேடியேட்டர் பகுதியையும் வைத்து, பசை இல்லாமல் உடலின் இரு பாதிகளையும் ஒருமுறை மூடிப் பாருங்கள். முடிந்தால் இறக்கையையும் சேர்த்துப் பொருத்துங்கள். இறக்கை சேரும் இடத்தில் முடி அளவு இடைவெளி வந்தால், உள்ளே ஏதோ ஒரு பாகம் முழுதாக உட்காரவில்லை என்று அர்த்தம். அதைத் திருத்தாமல் பட்டியால் மூடக் கூடாது.

பசைக்கு டாமியாவின் எக்ஸ்ட்ரா தின், பச்சை மூடி 40 மி.லி. குப்பி. இரு பாகங்களையும் சேர்த்துப் பிடித்தபடி பிரஷ் நுனியை இணைப்பில் தொட்டால், பசை தானாக உள்ளே ஓடிவிடும். இங்கே பலரும் கெடுத்துக்கொள்வது விரலை இணைப்பின் மேலேயே வைத்துப் பிடிப்பதால்தான். பசை விரலுக்கு அடியிலும் ஓடி, பிளாஸ்டிக் இளகி, கைரேகை அப்படியே பதிந்துவிடும். சாதாரண பெயின்ட் அடித்தால் அது தெரியாமல் போகலாம், உலோகப் பூச்சில் ஊருக்கே தெரியும். ஒட்டிய இணைப்பை 24 மணி நேரம் விட்டுவிட்டுப் பிறகு தேயுங்கள். அவசரமாகத் தேய்த்தால், கரைந்த பிளாஸ்டிக் உலர்ந்து சுருங்கும்போது அதே இடத்தில் ஒரு பள்ளம் விழும். பெயின்ட் அடித்து ஒரு மாதம் ஆன பிறகு "பேய்க்கோடு" மாதிரி எழுந்து வருவது அதுதான்.

இனி இறக்கை. மஸ்டாங் இறக்கையின் சிறப்பே லேமினார் ஓட்டம். காற்று கலையாமல் தோலை ஒட்டி வழுக்க வேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலையிலேயே இறக்கையின் முன்பகுதிக்கு, அதாவது முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு நோக்கிச் சுமார் 40 சதவீதம் வரை, இணைப்புகளுக்கும் ரிவெட்களுக்கும் பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் அலுமினியப் பெயின்ட் பூசினார்கள். கார் டிங்கரிங் பட்டறையில் நடக்கும் அதே வேலை. ஆக அங்கே தகட்டுக்கோடும் இல்லை, வெற்று உலோகமும் இல்லை. கிட்டிலோ மற்ற விமானங்களைப் போலவே இறக்கை முழுவதும் கோடு செதுக்கியிருக்கிறது. அதை அப்படியே விட்டு, கோடுகளில் கறுப்பு வாஷ் (தின்னரில் நன்றாக நீர்த்த பெயின்ட்) ஓட்டி, பளபளவென்று குரோம் மாதிரி அடித்த மஸ்டாங்குகளை நிறையப் பார்க்கலாம். அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது மஸ்டாங் இறக்கை இல்லை.

அடைக்கும் முன், எந்தக் கோடுகள் நிற்க வேண்டும் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்: துப்பாக்கி அறை, தோட்டா அறை மூடிகள், எரிபொருள் மூடி, ப்ளாப், ஏலெரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகைகள்) எல்லைகள். மற்றவற்றில் மிஸ்டர் சர்பேசர் 500 என்ற கெட்டியான பிரைமரை மெல்லிய பிரஷ்ஷால் கோட்டின் மேலேயே இழுத்து விட வேண்டும். ஒருமுறை பூசினால் போதாது. அதிலுள்ள தின்னர் ஆவியாகும்போது பூச்சு சுருங்கி, கோடு மறுபடி பள்ளமாகத் தெரியும். ஒரு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை பூசி, பிறகு 600, 1000 எண் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். உப்புத்தாளை விரலால் அழுத்தினால் அலை அலையாக வரும், ரப்பர் துண்டில் சுற்றிக்கொள்வது நல்லது. சூப்பர் க்ளூ ஊற்றி அடைக்கும் முறையில் சுருக்கம் இல்லை. ஆனால் அதே நாளில், முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள், தேய்த்துவிட வேண்டும். விட்டால் அது பிளாஸ்டிக்கை விடக் கடினமாகி, உப்புத்தாள் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை மட்டும் தின்றுவிடும்.

சக்கரக் குழி இந்தக் கிட்டின் தெரிந்த குறை. நிஜத்தில் குழியின் பின்சுவர் இறக்கையின் முதன்மைக் குறுக்குச்சட்டம், நேராகப் போகும். கிட்டில் அது கதவுத் திறப்பின் வளைவையே பின்பற்றுகிறது. வெட்டி எடுத்து 0.5 மி.மீ. பிளாஸ்டிக் அட்டையால் நேர்ச்சுவர் வைக்கலாம், ரெசின் பாகங்களும் கிடைக்கின்றன. போட்டிக்கு அனுப்புவதானால் செய்யுங்கள். அலமாரிக்கு என்றால் அந்த ஒரு வார உழைப்பு வீண் என்பது என் கருத்து. நிறத்தைச் சரியாக அடித்தாலே கண் ஏமாந்துவிடும்: குறுக்குச்சட்டம் மட்டும் ஸிங்க் குரோமேட் மஞ்சள், மீதி அலுமினிய நிறம். முழுக் குழியையும் பச்சையாக அடிப்பதுதான் பெரிய பிழை.

உள்பக்கச் சக்கரக் கதவுகளும் ப்ளாப்களும் தொங்கியபடி இருப்பது இந்த விமானத்துக்கே உரிய நிற்கும் தோரணை. எஞ்சின் நின்றதும் ஹைட்ராலிக் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், அவையும் சேர்ந்து கீழே சரியும். கிட்டில் ப்ளாப் தனிப் பாகமாக இருப்பதால் இறக்கி ஒட்டுவது எளிது. டயரின் அடிப்பகுதியை அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக அரத்தால் தேய்த்துத் தட்டையாக்கினால் விமானத்தின் எடையில் டயர் அமுங்கிய தோற்றமும் வந்துவிடும்.

பூச்சுக்கு வருவோம். இறக்கைக்குச் சாம்பல் பிரைமர், அதன்மேல் டாமியா எல்பி-11 சில்வர். இது பெயின்ட் மாதிரியே தெரியும் வெள்ளி, இங்கே வேண்டியதும் அதுதான். துணி போர்த்திய சுக்கானுக்கும் இதே நிறம். எலிவேட்டரை (கிடைவாலின் அசையும் பகுதியை) ஒருமுறை படம் பார்த்து முடிவு செய்யுங்கள். டி ரகத்தின் தொடக்கத் தயாரிப்புகளில் அது துணி, பிற்பாடு உலோகத் தகடு. அதேபோல முதல் டிகளில் பின்னிறகின் முன்னால் ஓடும் முக்கோணத் துடுப்பு கிடையாது. எந்த விமானத்தைச் செய்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டுதான் இவற்றைத் தொட வேண்டும்.

உடலுக்கு ஆல்க்ளாட் என்ற உலோக லாக்கர் பெயின்ட். அடியில் பளபளப்பான கறுப்பு வேண்டும், அந்தக் கறுப்பு கண்ணாடி மாதிரி இருந்தால்தான் மேலே உலோகம் தெரியும். 1500 எண் பிரைமர் அடித்து, மைக்ரோமெஷ் துணியால் மெருகேற்றி, பிறகு கறுப்பு. கறுப்பை இரண்டு நாளாவது காயவிடுங்கள். பிசுக்கு இருக்கும்போதே மேலே உலோகம் அடித்தால் மெல்லிய வெடிப்புகள் ஓடும். ஆல்க்ளாடுக்குத் தின்னர் சேர்க்கத் தேவையில்லை. ஏர்பிரஷ்ஷில் 12 முதல் 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், 5 முதல் 8 செ.மீ. தூரத்திலிருந்து, தூசி படிவது போல நாலைந்து தடவை. ஈரமாக அடித்தால் உலோகம் செத்துச் சாம்பலாகிவிடும். அடிப்படைக்கு ஏஎல்சி-119 ஏர்பிரேம் அலுமினியம், சில தகடுகளை மட்டும் மறைத்து ஏஎல்சி-103 டார்க் அலுமினியம். எஞ்சின் புகைக்குழாயைச் சுற்றியுள்ள தகடு இன்னும் கொஞ்சம் இருண்டிருக்கலாம். சதுரங்கப் பலகை மாதிரி ஒன்றுவிட்டு ஒன்று நிறம் மாற்ற வேண்டாம்.

சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் கட்டுபவர்களுக்கு ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் லாக்கர் அடிக்காதீர்கள். வேகமாக ஆவியாகும் தின்னர் பரப்பைக் குளிர்விக்கும், காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து பூச்சு பால் போல வெளுத்துவிடும். அடியிலுள்ள கறுப்பு வெளுத்தால் மேலே எந்த உலோகமும் எடுபடாது. ஏசி ஓடும் அறையில் அரை மணி நேரம் வைத்துவிட்டு அடித்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். வெளுத்துவிட்டால் பயப்பட வேண்டாம். மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரை மட்டும் மெல்லிய பனியாக அடித்தால் பூச்சு மீண்டும் இளகி, ஈரம் வெளியேறி, கறுப்பு திரும்பிவிடும்.

1944 ஜூன் 6 நார்மண்டி தரையிறக்கத்துக்காகப் பூசப்பட்ட கறுப்பு வெள்ளைப் பட்டைகள் போடுவதானால் டீக்காலை (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் அச்சுப் படத்தை) நம்ப வேண்டாம், பெயின்ட் அடியுங்கள். ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு ஒரு பட்டை 18 அங்குலம், இந்த அளவில் 9.5 மி.மீ. கையில் கிடைக்கும் 10 மி.மீ. டேப்பை அப்படியே ஒட்டினால் ஐந்து பட்டைக்கு 2.5 மி.மீ. கூடிவிடும், பக்கத்திலுள்ள அடையாள எழுத்தோடு இடிக்கும். அரை மில்லிமீட்டரைச் சீவிவிட்டு ஒட்டுங்கள். முதலில் வெள்ளை, அதை மறைத்துக் கறுப்பு. உலோகப் பூச்சின் மேல் டேப் ஒட்டும் முன் அதை இரண்டு மூன்று முறை உள்ளங்கையில் ஒட்டி எடுத்தால் பிசின் குறையும். பிரித்து எடுக்கும்போது டேப்பைத் தன்மேலேயே மடக்கி, மெதுவாக இழுக்க வேண்டும்.

கிட்டுடன் வரும் டீக்கால் தடிமனானது, வெள்ளையும் லேசாகத் தந்த நிறம். தனியாக விற்கும் டீக்கால் தாளுக்குச் செலவழிக்க நல்ல காரணம் இது. கிட் டீக்காலையே போடுவதானால் வெந்நீரில் ஊறவைத்து, அடியில் மைக்ரோ செட், மேலே மைக்ரோ சால் (டீக்காலை இளக்கிப் படியவைக்கும் திரவங்கள்). சுருங்கி எழுந்தால் தொடாதீர்கள், தானாகப் படியும்.

வாஷ் போடும்போது எனாமல் தின்னரைக் குளமாக விட வேண்டாம். பூச்சு படாத பிளாஸ்டிக்கில், இழுவிசை தாங்கும் இணைப்புகளில், அது ஊறி வெடிப்பு உண்டாக்கும். முதல் பலி பெரும்பாலும் சக்கரக் கால். கோட்டில் ஒரு புள்ளி வைத்தால் அதுவே ஓடிக்கொள்ளும். இறக்கையின் முன்பகுதியில் வாஷ் வேண்டவே வேண்டாம், ஓட அங்கே கோடே இல்லை.

கண்ணாடிக் கூண்டுக்குச் சூப்பர் க்ளூ கூடாது. அதன் ஆவி ஈரத்தோடு சேர்ந்து கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளைப் புகையாகப் படியும், மூடிய பிறகு துடைக்க வழியில்லை. வெள்ளைப் பசை போதும். ஆனால் நாலைந்து மழைக்காலம் போனால் வெள்ளைப் பசையும் ஈரம் குடித்து இளகி, கூண்டு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். ஈரப் பஞ்சால் பழைய பசையை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டினால் சரி.

வருடங்கள் போகப் போக மற்றவையும் தெரியும். ஆல்க்ளாட் நன்றாகத் தாங்குகிறது, கை படும் இடம் மட்டும்தான் மங்குகிறது. மாடலை எப்போதும் இறக்கை அடியில் பிடித்துத் தூக்குங்கள், தூசிக்கு மேக்கப் பிரஷ் போதும். பளபளப்பில்லாத பரப்பில் ஒட்டிய டீக்கால்கள் முதல் நாள் நன்றாக இருந்தாலும் பின்னால் ஓரங்களில் வெள்ளி மினுக்கம் காட்டும், அடியில் மாட்டிய காற்றுதான் காரணம். ஊசியால் குத்தி மைக்ரோ சால் விட்டால் ஓரளவு அடங்கும். வெயில் நேராக விழும் ஜன்னலோரம் வைத்தால் டீக்காலின் ஓரப் பிசின் மஞ்சளாகும், அதற்கு மருந்தில்லை. பூச்சிக்குப் பயந்து கண்ணாடி அலமாரிக்குள் அந்துருண்டை போட்டு வைக்காதீர்கள். அதன் ஆவி பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கும், பூச்சு சுருங்கும்.

துடைக்கும்போது முதலில் உடைவது வலது இறக்கை அடியில் நீட்டிக்கொண்டிருக்கும், வேகம் அளக்க உதவும் பிட்டோ குழாயும், கூண்டின் பின்னால் நிற்கும் ஆன்டெனா கம்பமும். இரண்டையும் கடைசி நாளில் ஒட்டுங்கள். பிட்டோவுக்குக் கிட் பாகத்துக்குப் பதில் 0.5 மி.மீ. பித்தளைக் கம்பியை, இறக்கைக்குள் 3 மி.மீ. ஆழத்தில் துளையிட்டு இறக்கிவிட்டால், துணி மாட்டினாலும் வளையுமே தவிர முறியாது.