சுவரில் இருந்த சான்றிதழ்கள் எல்லாம் உண்மையானவை, ஆனால் ஒன்றுகூட தெரபிக்கானது இல்லை

சென்னைப் புறநகரில் உள்ள ஒரு தெரபி சென்டரில் என் மகனைச் சேர்த்து ஏமாந்திருக்கிறோம். அவனுக்கு நான்கு வயது, ஆட்டிசம். புகார் விசாரணையில் இருப்பதால் சென்டரின் பெயரை எழுதவில்லை. பிள்ளைக்கு இடம் தேடிக்கொண்டிருக்கும் பெற்றோர் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்று வாசல் பலகையிலேயே போட்டிருந்தார்கள். உள்ளே சுவர் நிறைய ஃபிரேம் போட்ட சான்றிதழ்கள். அறக்கட்டளையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த பத்திரம், வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி வரிச் சலுகைப் பதிவுகள், தொண்டு நிறுவனங்களுக்கு நிதி ஆயோக் தரும் தர்பன் எண், சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு, ஒரு ஐஎஸ்ஓ தரச் சான்று. எதுவும் போலி இல்லை. ஏமாற்று வேலையே அங்கேதான் இருக்கிறது. 80ஜி இருந்தால் நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை கிடைக்கும், அவ்வளவுதான். உத்யம் பதிவை யார் வேண்டுமானாலும் சுய உறுதிமொழி கொடுத்து வாங்கலாம். பூட்டிய அறைக்குள் என் பிள்ளையோடு உட்காரப்போகிறவர் என்ன படித்தவர் என்பதை இவற்றில் ஒன்றுகூடச் சொல்லாது.

ஆறு மாதக் கட்டணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். ‘திருப்பித் தரப்படாது’ என்று ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. செஷனை நாங்கள் பார்க்கக் கூடாது, பெற்றோர் இருந்தால் குழந்தை ஒத்துழைக்காது என்றார்கள். கொஞ்ச நாளில் அந்தத் தெரு முனை வந்தாலே பையன் அழ ஆரம்பித்தான். கேட்டதற்கு, “ஆரம்பத்தில் எல்லாக் குழந்தையும் இப்படித்தான்மா, போகப் போகச் சரியாகிவிடும்” என்று பதில்.

அப்புறம் முன்னேற்ற அறிக்கை வந்தது. அதில் ‘வலிப்பு மாத்திரை தொடர்கிறது’ என்று இருந்தது. என் மகனுக்கு வலிப்பே வந்ததில்லை. வேறொரு குழந்தையின் அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நாளைக்கு ஒரு மருத்துவர் இதை நம்பி முடிவெடுத்தால் என்ன ஆகும்? இதை நினைக்கும்போது பணம் போனதெல்லாம் பெரிதாகவே தெரியவில்லை.

அறிக்கையின் கீழே ஸ்பீச் தெரபிஸ்ட் கையெழுத்தும் ஒரு சிஆர்ஆர் எண்ணும் இருந்தன. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் உள்ளவர்களுக்குத் தரப்படும் எண் அது. கவுன்சிலின் இணையதளத்தில் தேடினால் எண் உண்மைதான். ஆனால் அதற்கு உரியவர் அந்த இடத்தை விட்டுப் போய் வெகு நாளாகிறது என்பது அவரிடமே பேசியபோது தெரிந்தது. என் மகனோடு உட்கார்ந்தவர் ஏதோ ஆன்லைன் வகுப்பு முடித்த ஒரு பெண். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அவருக்கும் சொற்பச் சம்பளம்தான்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பிரிவு 50இன்படி, மாநில அரசின் தகுதிவாய்ந்த அதிகாரி தரும் பதிவுச் சான்று இல்லாமல் தனியார் யாரும் மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் நடத்தக் கூடாது. அந்தச் சான்றை எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வைக்க வேண்டும். எனவே சுவரில் தேட வேண்டியது அந்த ஒரு தாளைத்தான். அதில் உள்ள தேதி முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம்.

அடுத்தது ஆட்கள். ஸ்பீச் தெரபிஸ்ட், ஸ்பெஷல் எஜுகேட்டர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகியோருக்கு சிஆர்ஆர் எண் இருக்க வேண்டும். பதிவில்லாமல் இந்தத் தொழில் செய்தால் 1992ஆம் ஆண்டு மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி இரண்டும் இந்தக் கவுன்சிலின் கீழ் வராது. அவர்களிடம் பட்டச் சான்றையே கேளுங்கள். எண்ணை வாங்கிச் சரிபார்த்ததோடு நிறுத்தாமல், அந்த எண்ணுக்கு உரியவர்தான் தினமும் உள்ளே இருக்கிறாரா என்று பாருங்கள். எங்களை ஏமாற்றியது அந்த இடத்தில்தான். செஷனைக் கண்ணாடி வழியாகவோ கேமராவிலோ பார்க்கவே விடமாட்டோம் என்றால் முன்பணம் கட்டாதீர்கள்.

மாவட்ட அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறோம். நுகர்வோர் ஆணையத்திலும் மனு போட்டிருக்கிறோம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம். ரசீது, வாட்ஸ்அப் செய்திகள், அறிக்கை எதையும் அழிக்காதீர்கள்.

மகனை இப்போது சென்னை அருகே முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ள மத்திய அரசின் தேசிய நிறுவனத்தில் காட்டி, மதிப்பீட்டை முதலிலிருந்து செய்கிறோம். உங்கள் பிள்ளையின் அறிக்கையிலும் சம்பந்தமில்லாத நோயோ மருந்தோ இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், புகாரோடு சேர்த்துக் கொடுக்கலாம்.