ஐந்து நிமிஷத்தில் 'ஹெட் கேஸ்கட் போயிருச்சு' என்றால் சாவியைக் கொடுக்காதீர்கள்

நுவரெலியாப் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கராஜின் பெயரைப் போடவில்லை, ஆனால் நடந்தது இதுதான்.

ஏப்ரல் சீசன் நேரம், கண்டியிலிருந்து வரும்போது இறம்பொடைக்கு மேலே வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன, என்னுடைய பழைய ஆல்ட்டோவின் சூட்டு முள் மெதுவாக மேலே ஏறியது. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டு, எப்படியோ டவுனுக்கு வந்து முதலில் கண்ணில் பட்ட கராஜில் விட்டேன். மெக்கானிக் பாஸ் பொனட்டைத் திறந்தார், காது கொடுத்துக் கேட்டார், "ஹெட் கேஸ்கட் போயிருச்சு தம்பி" என்றார். இன்ஜினின் மேல்பாகத்துக்கும் (ஹெட்) கீழ்பாகத்துக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு அது. ஒரு சோதனையும் இல்லை. மூன்று நாள், 78,000 ரூபா. கழற்றிய பழைய கேஸ்கட்டைக் கேட்டால் குப்பையில் போட்டுவிட்டார்களாம்.

பத்தே நாளில் பெட்ரோல் செட் வரிசையில் முள் மறுபடி ஏறியது.

தலவாக்கலையில் லொறி ஓட்டும் மச்சானைக் கூப்பிட்டேன். வந்ததும் ஒரே கேள்விதான்: "ஓடும்போது ஏறுதா, நிக்கும்போது ஏறுதா?" யோசித்தால், இரண்டு தடவையும் நிற்கும்போதும் ஊரும்போதும்தான் ஏறியிருக்கிறது, வேகம் எடுத்தால் இறங்கிவிடுகிறது. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும், நிற்கும்போது ஃபேன்தான் ஆற்ற வேண்டும், அப்படியென்றால் முதலில் பார்க்க வேண்டியது ஃபேன். இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தோம், முள் பாதியைத் தாண்டியும் ஃபேன் சுற்றவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஃபேனுக்குக் கரண்ட் விடும் சின்ன சுவிட்சான ரிலேயைக் கழற்றி, அதே நம்பர் போட்ட இன்னொன்றை மாற்றிக் குத்தியதும் சர்ரென்று சுற்றியது, அவ்வளவுதான் வியாதி. நம்மூர் குளிரில் ஃபேனுக்கு வேலையே குறைவு என்பதால் அது எப்போது செத்தது என்றுகூட எனக்குத் தெரியாது, கொழும்பு என்றால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

கேஸ்கட் உண்மையாகவே போயிருந்தால் ஒழுக்கு எதுவும் இல்லாமலே கூலன்ட் (இன்ஜினை ஆற்றும் தண்ணீர்) குறையும், ரேடியேட்டரில் குமிழி வரும், டிப்ஸ்டிக்கில், அதாவது எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியில், எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்துக்கு மாறலாம். காலையில் சைலன்சரில் வரும் வெள்ளைப் புகையைக் காட்டிப் பயமுறுத்தினால் நம்ப வேண்டாம், குளிரில் அது எல்லா வண்டியிலும் வரும், இன்ஜின் சூடானதும் நின்றுவிடும். நிற்காவிட்டால்தான் பயம். எண்ணெய் மூடியின் உட்பக்கம் கொஞ்சம் நுரை இருந்தாலும் அப்படித்தான், டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள், நுவரெலியாவின் 1,868 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும், உள்ளே அதை அடக்கி வைத்திருப்பது மூடியின் அழுத்தம்தான், திறந்தால் முகத்தில் அடிக்கும்.

முள் சிவப்பைத் தொட்டாலோ டிப்ஸ்டிக்கில் பால் நிறம் தெரிந்தாலோ நீங்களே பார்க்கிற வேலையை விட்டுவிடுங்கள், இன்ஜினை அணைத்து, கட்டி இழுத்தாவது ஒரு நல்ல பாஸிடம் கொண்டு போங்கள். ஹெட்டைக் கழற்றுமுன் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தம் பார்க்கும் சோதனை) பண்ணிக் காட்டச் சொல்லுங்கள்.

பில்லோடு அந்த கராஜுக்குத் திரும்பிப் போனேன். "ஃபேனும் சேர்ந்து போயிருக்கும் தம்பி" என்றார். பில்லில் 'இன்ஜின் வேலை' என்று இரண்டே சொல்தான். வீட்டுக்கு வந்து மச்சான் டார்ச் அடித்துக் காட்டினான்: ஹெட்டைக் கழற்ற முதலில் திறக்க வேண்டிய வால்வ் கவரின் போல்டுகளில் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்படியே, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை.